ஆறு லிட்டர் எண்ணெயும் அடுப்போரத் தூக்கும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் நான்கு பேர்: நான், வீட்டுக்காரர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள். வீட்டுக்காரருக்கு 54 வயது. போன மாதம் ரத்தம் பார்த்ததில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 158 வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சண்டை. மாமியாருக்குப் பண்ருட்டிப் பக்கம். செக்கில் ஆட்டிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயைத் தவிர மற்றதெல்லாம் விஷம் என்கிறார். செக்கெண்ணெய்க்கு மாறிவிட்டால் மாத்திரையே வேண்டியதில்லை என்று வீட்டுக்காரரின் நண்பர் சொல்கிறார். பிரான்சில் இருக்கும் நாத்தனார் வந்தபோது ஆலிவ் எண்ணெய் கொடுத்து, அண்ணனுக்கு இதில்தான் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகள் போனில் எதையோ பார்த்துவிட்டுக் காலையில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கிறாள். மாதத்துக்கு சன்ஃபிளவர் இரண்டு லிட்டர், மல்லாட்டை எண்ணெய் இரண்டு, நல்லெண்ணெய் ஒன்று, ரேஷன் பாமாயில் ஒன்று ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் மீன் வறுப்போம். வறுத்த எண்ணெயைத் தூக்கில் ஊற்றி மூடி வைத்து, அடுத்த முறை அதிலேயே கொஞ்சம் புது எண்ணெய் விட்டு வறுப்பேன். கொட்ட மனசு வராது. இதில் எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது?

பதில்: முதலில் மாத்திரை. எண்ணெயை மாற்றிவிட்டோம் என்பதற்காக அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதியிருப்பது பெரும்பாலும் ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை வகையாக இருக்கும். நடுத்தர அளவில் அதைச் சாப்பிட்டாலே எல்.டி.எல். 30 சதவீதத்துக்கும் மேல் குறையும். சமையல் எண்ணெயை மாற்றுவதால் அந்த அளவுக்குக் குறையாது. எல்.டி.எல்.லில் பெரும்பகுதி கல்லீரலிலிருந்து வருவது. எண்ணெய் டின்னிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போவது இல்லை. நண்பர் நல்ல மனசோடு சொல்லியிருப்பார். ஆனாலும் மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை. வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது எண்ணெய். நீங்கள் ஆறு எண்ணெய்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை ஏழாவதைப் பற்றி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தூக்கு எண்ணெயைப் பற்றி. மற்ற ஆறில் எதையும் விஷம் என்று சொல்ல மாட்டேன். தூக்கில் இருப்பதை மட்டும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

ஏன் என்றால், மீன் வறுக்கும்போது எண்ணெய்க்குள் மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. மீனின் ஈரம் சூட்டில் எண்ணெயை உடைக்கிறது. உடைந்த எண்ணெய் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகப் புகையும். மேலே படும் காற்று எண்ணெயோடு சேர்ந்து காறல் வாடையைக் கொண்டுவருகிறது. சூடு ஏற ஏற எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. தூக்கின் விளிம்பில் வழிந்து காய்ந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், கோந்து மாதிரி விரலில் இழுக்கும். சாதாரண சோப்புக்குப் போகாது. அப்படிக் கெட்டியானதும் உள்ளே இருக்கிறது. இது போதாதென்று, மீனில் தடவிய மிளகாய்த்தூளும் அரிசி மாவும் உதிர்ந்து அடியில் தங்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி கருகுகின்றன.

நீங்கள் வறுப்பது சன்ஃபிளவரில் என்று நினைக்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அதுதான். அந்த எண்ணெயில் 60 சதவீதத்துக்கும் மேல் பாலி அன்சாச்சுரேட்டட் கொழுப்பு. கொலஸ்ட்ராலுக்கு நல்லதென்று பெயர் வாங்கிய அதே கொழுப்புதான் சூட்டிலும் காற்றிலும் முதலில் கெடுவது. ரீஃபைண்ட் சன்ஃபிளவர் 220 டிகிரி தாண்டித்தான் புகையும் என்பதால் வறுக்க ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். புகை வருகிறதா என்பது ஒரு கணக்கு, சூட்டில் தாங்குகிறதா என்பது வேறு கணக்கு. புகையே இல்லாமலும் எண்ணெய் கெடும்.

பழைய எண்ணெயில் புது எண்ணெய் விடுவதைச் சிக்கனம் என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். பழையதில் ஏற்கெனவே இருக்கும் கெட்ட பொருள்கள் புது எண்ணெயையும் வேகமாகக் கெடுக்கும். உங்கள் தூக்கு எப்போது கடைசியாக அடிவரை காலியானது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டல்களுக்கே 2018 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது: வறுக்கும் எண்ணெயில் டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அவர்களுக்கு அதை அளக்கக் கருவி இருக்கிறது. வீட்டில் நமக்குக் கண்ணும் மூக்கும்தான். நிறம் கறுத்தால், ஊற்றும்போது கொழகொழப்பாக இறங்கினால், வறுக்கையில் நுரை அடங்காமல் நின்றால், முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தால், அது போய்விட்டது என்று அர்த்தம்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. கடலூரில் இருந்துகொண்டு அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? வஞ்சிரம், சங்கரா போன்றவற்றைத் தோசைக்கல்லில் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் இரு பக்கமும் திருப்பிப் போட்டு வறுங்கள். நெத்திலி மாதிரி மொறுமொறுப்பாக வேண்டியதற்கு மட்டும் சின்ன வாணலி, அதில் விரலளவு எண்ணெய். மீன் கழுவிய தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு போடுங்கள். ஈரம் குறைந்தால் எண்ணெயும் குறைவாகக் கெடும். மிஞ்சுவதை ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, மறுநாள் மீன் குழம்புக்குத் தாளிக்க எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குள் தீர வேண்டும், மறுபடி வறுக்க மட்டும் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதுதான். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் எண்ணெயைச் சேர்த்து வைக்காதீர்கள், அந்த உலோகங்கள் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். கொட்ட வேண்டியதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய செய்தித்தாளில் ஊறவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இனி அளவு. ஆறு லிட்டர் என்றால் ஏறக்குறைய 5,460 கிராம். நான்கு பேர், முப்பது நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம். நீங்கள் கொட்டுவதே இல்லை என்பதால் அத்தனையும் வயிற்றுக்குத்தான் போகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சொல்லியிருப்பது சுமார் 27 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். உங்கள் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். செக்கு, ரீஃபைண்ட், ஆலிவ் எதுவாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான், அதில் உசத்தி மட்டம் கிடையாது. இப்போது ஆளுக்குத் தினம் 170 கலோரி வரை கூடுதலாகப் போகிறது. எந்த எண்ணெய் என்று சண்டை போடும் வீடுகளில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

ஆறிலிருந்து மூன்றரைக்கு ஒரே மாதத்தில் இறங்க முடியாது. இறங்கவும் வேண்டாம், சமையல் பிடிக்காமல் போய்ப் பழையபடி ஆகிவிடும். முதல் மாதம் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கு ஒழிந்து, மீன் தோசைக்கல்லுக்கு வந்தாலே கணிசமாகக் குறையும். பாட்டிலிலிருந்து நேரே வாணலியில் சரிப்பதை விட்டுவிட்டு ஸ்பூனால் எடுத்து விடுங்கள். ஒரு வாரம் அப்படிச் செய்தாலே கை எவ்வளவு தாராளமாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எந்த மூன்றரை லிட்டர்? என் யோசனை: மல்லாட்டை எண்ணெய் ஒன்றரை, நல்லெண்ணெய் ஒன்று, சன்ஃபிளவர் அல்லது தவிட்டெண்ணெய் ஒன்று. வறுவல், பொரித்தல் எல்லாம் மல்லாட்டை எண்ணெயில். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மோனோ அன்சாச்சுரேட்டட் கொழுப்பு இருக்கிறது, சன்ஃபிளவரைவிடச் சூட்டில் நன்றாகத் தாங்கும். நல்லெண்ணெய் இட்லிப் பொடிக்கு, வத்தக்குழம்புக்கு, புளிக்காய்ச்சலுக்கு, மீன் குழம்புக்கு. எள்ளில் உள்ள செசமோல் போன்ற பொருள்கள் எண்ணெய் காறாமல் காக்கின்றன. ஊறுகாய்க்கு நம்மவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது. சன்ஃபிளவரைக் கூட்டு, பொரியல் தாளிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்காகச் சில மாதம் அந்த இடத்தில் தவிட்டெண்ணெய் வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள ஒரைசனாலும் தாவர ஸ்டெரால்களும் எல்.டி.எல்.லைச் சற்றுக் குறைக்க உதவும். தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதை ஆலையில் பதப்படுத்தி, ரீஃபைன் செய்துதான் விற்க முடியும். செக்கில் ஆட்டிய தவிட்டெண்ணெய் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். எண்ணெய்களை ஒரே டின்னில் கலந்து வைக்கவும் தேவையில்லை, வேலைக்கு ஒன்றாக எடுத்தாலே போதும்.

மாமியாரின் வாதத்துக்கு வருகிறேன். பாதி சரி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. என்ற பெயரில் மல்லாட்டை ரகங்களே வந்திருக்கின்றன. அந்த மண்ணில் விளைந்ததை விட்டுவிட்டு எங்கிருந்தோ வந்ததை ஏன் வாங்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம். செக்கெண்ணெயின் மணமும் ருசியும் ரீஃபைண்டில் வராது. விட்டமின் ஈ-யும் ஸ்டெரால்களும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். மணம் இருப்பதால் குறைவாக ஊற்றினாலே சமையல் எடுபடும் என்பது என் கண்ணோட்டத்தில் அதன் பெரிய லாபம்.

ரீஃபைண்ட் விஷம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. அதில் காரப்பொருள் (ஆல்கலி), நிறம் எடுக்கும் வெளுப்பு மண், உயர்ந்த சூட்டில் நீராவி என்று பல கட்டங்கள் உண்டு. அவை மணத்தை எடுத்துவிடுகின்றன, கூடவே வேண்டாத சிலவற்றையும் எடுக்கின்றன. கொழுப்பின் கலவை செக்கெண்ணெயில் இருப்பது போலத்தான் இருக்கும். ஆகவே எல்.டி.எல். கணக்கில் செக்கு மல்லாட்டைக்கும் ரீஃபைண்ட் மல்லாட்டைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வேண்டாதவற்றில் முக்கியமானது அஃப்ளடாக்சின். சரியாகக் காயாத மல்லாட்டையில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது, கல்லீரலுக்கு ஆகாது. நாம் சமைக்கும் சூட்டில் முழுதாக அழியாது. பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விடும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். ரீஃபைன் செய்யும்போது நீங்கிவிடும், செக்கில் அதற்கு வழி இல்லை. எனவே செக்கெண்ணெயின் தரம் மரத்திலோ மாட்டிலோ இல்லை, உள்ளே போடும் பருப்பில் இருக்கிறது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, கடற்காற்றின் ஈரத்தில் மூட்டை கட்டிக் கிடந்த காயை நினைத்துப் பாருங்கள்.

மாமியாருக்குத் தெரியாததில்லை, அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். ஆட்டப்போகும் பருப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் பூசண வாடை வரக் கூடாது. சுருங்கியது, கறுத்தது, பச்சை பூத்தது பொறுக்கி எறியப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைக் கடித்தால் கசக்கக் கூடாது, 'டக்'கென்று உடைய வேண்டும். சொந்தக் காய் என்றால், காதருகில் வைத்துக் குலுக்கும்போது உள்ளே பருப்பு ஆடும் வரை வெயிலில் காய வேண்டும். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

விலையையும் கணக்குப் போடுங்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, பிண்ணாக்கு விற்கும் காசைக் கழித்து, ஆட்டுகூலியைச் சேருங்கள். அதைவிட மிகக் குறைவாக ஒருவர் 'சுத்தமான செக்கெண்ணெய்' விற்றால், வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வாங்கிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்து, மண்டி அடியில் இறங்கியதும் தெளிவை மட்டும் வடித்தெடுங்கள்; மண்டிதான் வாணலியில் முதலில் கருகும். காய்ச்சும்போது செக்கெண்ணெய் பொங்குவது இயல்பு, கலப்படம் என்று பயப்பட வேண்டாம். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள்.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். பெரிதாக எள் படம் போட்ட பாட்டிலில், சின்ன எழுத்தில் 'கலப்புத் தாவர எண்ணெய்' என்று இருக்கும். வேறொன்றில் 'விளக்கேற்ற மட்டும்' என்று இருக்கும். விலை குறைவென்று அந்த இரண்டாவதை வாங்கி ஊறுகாயில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். விளக்கெரிக்கும் எண்ணெயில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது சமையல் எண்ணெய்க்கான விதிகளுக்குள் வராது. 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வாசகத்துக்கு மதிப்பே கொடுக்காதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது. பின்பக்கம் எல்.டி.எல்.லை ஏற்றும் சாச்சுரேட்டட் கொழுப்பு எவ்வளவு, தயாரித்த தேதி என்ன, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி சாச்சுரேட்டட் கொழுப்பு. எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் என்பது எத்தனையோ வீட்டுக்குப் பெரிய உதவி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் வீட்டில் வேறு எண்ணெய் வாங்க வசதி இருக்கிறது, இருதயத்துக்குக் கவனம் தேவைப்படும் ஆளும் இருக்கிறார். அன்றாடச் சமையலுக்கு வேண்டாம்.

நாத்தனாரின் ஆலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். நான்கில் மூன்று பங்கு மோனோ அன்சாச்சுரேட்டட். சூடே காட்டக் கூடாது என்பதும் சரியில்லை, கடுகு தாளிக்கும் அளவுக்குத் தாங்கும். ஆனால் சாம்பாரில் அதன் வாடை ஒட்டாது. வெள்ளரி, தக்காளி, வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிந்து அதன்மேல் விட்டுச் சாப்பிடுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மகள் தேங்காய் எண்ணெய் குடிப்பதை நிறுத்தட்டும். அதில் 90 சதவீதம் சாச்சுரேட்டட். போனில் சொல்லும் நன்மைகள் பெரும்பாலும் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) என்று தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளைப் பார்த்துச் சொல்வது. கடைத் தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் உடம்பில் அப்படி நடந்துகொள்வதில்லை. தலைக்குத் தேய்க்கட்டும்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயம். ஒன்று, இந்த எண்ணெய்கள் எதிலும் மீனில் இருக்கும் வகை ஒமேகா-3 கிடையாது. மத்தி, கானாங்கெளுத்தி இரண்டிலும் அது நிறைய, விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவு. துறைமுகத்துப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாரம் இரண்டு நாள் அவற்றை வாங்கிக் குழம்பாக வையுங்கள், தேங்காய் அரைத்து விடுவதைக் குறைத்து. மூன்று நாள் வறுவலில் ஒரு நாளாவது குழம்புக்கு மாறும்.

இன்னொன்று, வீட்டுக்காரர் வெளியில் என்ன சாப்பிடுகிறார்? சாயங்காலம் டீயோடு ஒரு பஃப்ஸ், ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பஜ்ஜி என்று இருந்தால் அது உங்கள் ஆறு லிட்டர் கணக்கில் வரவே இல்லை. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்ததால் வனஸ்பதி முன்புபோல் மோசமில்லை. ஆனாலும் பஃப்ஸ் மடிப்பு மடிப்பாகப் பிரிய வேண்டுமென்றால் கெட்டிக் கொழுப்பு வேண்டும், கெட்டியாக இருப்பது சாச்சுரேட்டட்தான். அதற்குப் பதில் சுண்டல் கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தம் பார்க்கும்போது, மாத்திரைச் சீட்டோடு அந்த இரண்டு மூன்று மாத எண்ணெய்க் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்று மட்டும் இருந்தால் போதும். எல்.டி.எல். இறங்காமல் இருந்தால், மாத்திரையை மாற்றுவதா சாப்பாட்டை இன்னும் பார்ப்பதா என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறலாம்; அதை இதுவரை பார்க்கவில்லை என்றால் அதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.